அரை நோன்பும் நோன்புதான்: சிறார் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கும், அதை அச்சுப்போடுகிறவர்களுக்கும், பள்ளிக்கூட நூலகத்துக்கு வாங்கி அடுக்குகிறவர்களுக்கும்,



நான் திருவண்ணாமலைக்காரி. எங்கள் ஊரில் பிறைக் கணக்குத் தெரிந்துகொள்ள வானத்தைப் பார்க்க வேண்டியது மாதத்தில் ஒரு நாள்தான். மற்றபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்தால் போதும். கூட்டம் வழிந்து, செங்கம் சாலை முழுக்கச் செருப்பில்லாத கால்களாக நகர ஆரம்பித்தால் எங்கள் நன்னிமா விரலை மடக்கி, "இன்னிக்குப் பிறை பதினாலு" என்பார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற லட்சக்கணக்கான பேருக்குத் தாங்கள் ஒரு முஸ்லிம் கிழவிக்கு ஹிஜ்ரி மாதத்தின் நடுவைக் காட்டிக்கொண்டு போகிறோம் என்று தெரியாது. நன்னிமாவும் போய்ச் சொன்னதில்லை.

மூன்று வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. தொழுகையாளி வீட்டில் வளர்கிற ஒரு பெண்பிள்ளையின் கதை. அவளுக்குப் பத்து வயசு. பெயர் இன்னும் முடிவாகவில்லை. இதுவரை நான்கு பெயர் மாற்றிவிட்டேன். கதை நடக்கிற காலம் மட்டும் முதல் நாளிலிருந்து மாறவில்லை: 2001, நவம்பர் கடைசி.

ஏன் அந்த வருஷம் என்று சொல்கிறேன். ஹிஜ்ரி ஆண்டு சூரியக் கணக்கைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பின்னுக்கு நகர்ந்து, 33 வருஷம் போலத்தான் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். அப்படி நகர்ந்து வந்ததில் 2000, 2001, 2002 என்று மூன்று வருஷம் தொடர்ந்து கார்த்திகை தீபம் நோன்புக்குள் வந்தது. தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவது; எங்களுக்கு அது நடு ரமலான். நடுப்பட்ட அந்த வருஷத்தில் எனக்கும் பத்து வயசு. அடுத்து இப்படி அமைய 2033 ஆகவேண்டும்.

அந்த நாளை ஒரு பிள்ளையின் கண்ணால் யோசித்துப் பாருங்கள். மற்ற நாளெல்லாம் சஹருக்கு எழுந்தால் எங்கள் தெருவில் மட்டும்தான் விளக்கு எரியும். ஊர் தூங்கும்போது நாம் மட்டும் சோறு தின்கிறோம் என்பதில் பத்து வயசுக்கு ஒரு கர்வம் உண்டு, ஒரு பயமும் உண்டு. ஆனால் அன்றைக்கு விடிகாலை நாலு மணிக்குக் கோயிலில் பரணி தீபம். ஊர் மொத்தமும் விழித்திருக்கிறது. ஆணத்தில் பிசைந்த சோற்றை அம்மா உருட்டிக் கையில் வைக்க, வாசலில் "அரோகரா" என்று ஜனம் போகிறது. என் கதாநாயகிக்கு முதல் தடவையாகத் தான் மட்டும் விழித்திருக்கவில்லை என்று தெரிகிறது. அவளுக்கு அதில் சந்தோஷமில்லை. கர்வம் போய்விட்டது என்ற எரிச்சல்தான்.

சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு மஃரிபு பாங்கு. ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம். நடுவில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் என் நாவலின் பாதி நடக்கிறது.

எழுதி முடித்த வரைக்கும் இரண்டு இடங்களில் படிக்கக் கொடுத்தேன். ஒன்று, புத்தகம் போடும் ஓரிடம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், சொன்னதும் நல்ல மனசோடுதான். மற்றது எங்கள் உறவில் ஒரு பெரியவர், கிதாபு படித்தவர். இந்த மடலே அவர்கள் இருவரும் சொன்ன பதிலால் வந்தது.

முதலில் புத்தகக்காரர்கள் பிடித்துக்கொண்ட இடத்தைச் சொல்லவேண்டும். என் கதாநாயகியின் வீடு, 14 கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் திரும்பி வருகிறவர்கள் கடக்கிற தெருவில் இருக்கிறது. தீபத்தன்று வாசலில் ஒரு மண்பானை வைப்பார்கள். முந்தைய ராத்திரி கழுவி, மணலைப் பரப்பி, அதன்மேல் பானையை நிறுத்தி, வெட்டிவேர் போட்டு வைப்பது அவள் அத்தாவின் வேலை. மொண்டு கொடுப்பது அவள் வேலை. அன்றைக்குத்தான் அவள் முதல் முழு நோன்பு; அதுவரை எல்லாம் மத்தியானத்தோடு முடிகிற அரை நோன்பு. ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணு என்று எங்கள் வீடுகளில் பிள்ளைகளை ஏமாற்றுவோமே, அந்தக் கணக்கில் ஏற்கெனவே அவளுக்கு நாலு நோன்பு சேர்ந்திருக்கிறது. எவர்சில்வர் டம்ளரைப் பானைக்குள் விடும்போது விரல் நுனி நனைகிறது. ஒரு ஆள் குடிக்கிறார், தொண்டை ஏறி இறங்குகிறது, மீதியை முகத்தில் அடித்துக்கொள்கிறார். இன்னொரு அம்மா ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதைக் காலில் ஊற்றிக்கொள்கிறாள். என் கதாநாயகி எண்ணுகிறாள். அறுபத்து மூன்றாவது டம்ளரில், யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு வாய் விழுங்கிவிடுகிறாள்.

புத்தகக்காரர்கள் சொன்னது: "இதுதான் நாவல்! நோன்பு வைத்த முஸ்லிம் குழந்தை பக்தர்களுக்குத் தண்ணீர் தருகிறது. அட்டைப்படமே இதுதான். ஆனா அவ குடிக்கிறது மட்டும் வேண்டாமே, படம் கெட்டுடுது."

பெரியவர் சொன்னது: "எல்லாம் சரிம்மா. அவ குடிக்கிறத எடுத்துடு. நம்ம புள்ளைங்க படிச்சா என்ன நெனைக்கும்?"

ஒருவர் ஒருவரைப் பார்த்ததே இல்லை. இருவர் பேனாவும் ஒரே வரியில் வந்து நின்றது. ஒரு தரப்புக்கு நல்லிணக்கத்தின் படம் வேண்டும், இன்னொரு தரப்புக்கு ஈமானின் படம். இருவருக்கும் நடுவில் தாகத்தில் நிற்கிற பிள்ளை யாருக்கும் தேவைப்படவில்லை.

உங்கள் மேல் பழி போடுவதற்கு முன்னால் என் வீட்டு அலமாரியைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த முதல் முஸ்லிம் பிள்ளை பிரேம்சந்தின் ஹாமித். 'ஈத்கா' கதையில் கையிலிருக்கிற மூன்று பைசாவுக்குப் பொம்மையும் மிட்டாயும் வாங்காமல், ரொட்டி சுடும்போது பாட்டிக்குக் கை சுடுகிறதே என்று இடுக்கி வாங்கிக்கொண்டு போகிறானே, அவன். இன்றைக்குப் படித்தாலும் அந்தக் கிழவி அழுகிற இடத்தில் எனக்கும் முட்டிக்கொண்டு வரும். ஆனால் அவனும் பெருநாள் அன்றைக்குத்தான் வந்தான். மறுநாள் அவன் என்ன செய்தான், ஓதப் போனானா, ஹஜ்ரத்திடம் அடி வாங்கினானா என்று சின்ன வயசில் நான் நிரம்ப யோசித்திருக்கிறேன்.

தமிழில் என்றால் இரா. நடராசனின் 'ஆயிஷா'. எத்தனை பதிப்பு, எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் படித்துக் காட்டி அழுதிருக்கிறார்கள்! கேள்வி கேட்கிற அந்தப் பெண்ணுக்காக அந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொள்வேன். அவள் தொழுதாளா, நோன்பு பிடித்தாளா என்ற பேச்சு அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை, குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய கேள்விகள் அறிவியல் கேள்விகள். என் கதாநாயகியின் கேள்விகள் வேறு. எச்சில் முழுங்கினால் நோன்பு போய்விடுமா? கனவில் சாப்பிட்டால்? பல் இடுக்கில் மாட்டின சஹர் சோறு பத்து மணிக்கு வெளியே வந்தால் துப்புவதா, முழுங்குவதா? கொட்டாவி விடும்போது கொசு போய்விட்டால்?

சிரிக்காதீர்கள். தமிழ் முஸ்லிம்களின் இலக்கியம் தொடங்குவதே இந்த மாதிரிக் கேள்விகளில்தான். முழுசாக நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழைய நூல் 'ஆயிர மசலா'. வண்ணப் பரிமளப் புலவர் 1572-இல் மதுரையில் அரங்கேற்றியது. நபிகளிடம் ஒருவர் கேட்கிற ஆயிரம் கேள்விகள்தான் நூல். அதற்குப் பிறகு 'நூறு மசலா' வந்தது. அதில் கேட்பவள் ஓர் இளவரசி. கேள்வி கேட்டே வளர்ந்த மரபில் வந்த பிள்ளைக்கு நாம் கதைப் புத்தகத்தில் பிரியாணி வாளியைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டோம்.

ஆமாம், அந்த வாளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சிறுவர் இதழ்களிலும் கதைத் தொகுப்புகளிலும் எங்கள் பையனை நான் சந்திக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று நண்பர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவன் அவன். பெருநாளுக்குப் பிரியாணி கொண்டு வருவான், பொங்கலுக்குப் பொங்கல் சாப்பிடுவான், ஆபத்தில் ரத்தம் கொடுப்பான். எவ்வளவு நல்லவன்! வருஷம் பூரா நல்லவனாகவே இருக்கிறதற்கு ஒரு பையனுக்கு எவ்வளவு அலுப்பாக இருக்கும். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. கணக்குப் பரீட்சையன்று சுபுஹுக்கு எழுப்பிவிட்டார்களே என்ற கடுப்பு கிடையாது. ஓதும்பள்ளியில் பக்கத்துப் பையனின் ஜுஸ்வுவில் மை கொட்டிவிட்டு, தான் இல்லை என்று சத்தியம் செய்யப்போய், அல்லாவின் பேரில் சத்தியம் என்றதும் வாய் வராமல் திக்கி நின்ற அனுபவம் கிடையாது.

சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்துவருகிறது. தமிழில் பரிசு பெற்ற தலைப்புகளை ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதல் வருஷத்துப் புத்தகத்திலேயே அந்தோணி இருக்கிறான், மா. கமலவேலனின் ஆட்டுக்குட்டியோடு. பிறகு மல்லிகா, ஆதன், தன்வி, ஓவியா. 2021-இல் எங்கள் மாவட்டத்து வந்தவாசி மு. முருகேஷுக்குக் கிடைத்தபோது எங்களுக்கெல்லாம் சொந்தத்தில் கல்யாணம் மாதிரி இருந்தது. இந்த வரிசையில் ஒரு ஃபாத்திமாவோ ஒரு காசிமோ தலைப்பில் ஏறவில்லையே என்று புலம்ப நான் வரவில்லை. எழுதாததற்குப் பரிசு கொடுக்க முடியாது. எழுதாதவர்களில் நானும் ஒருத்தி.

பெரியவர்களுக்கான எழுத்தில் எங்களுக்குக் குறைவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் வந்தது. 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் அகாதெமி பரிசு. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ராபியா என்ற சிறுமியின் கண் வழியாக எத்தனை வீட்டுக்குள் போய்வருகிறோம். அதற்கெல்லாம் முன்னால், 1938-இலேயே நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' எழுதி, உ.வே. சாமிநாதையரிடம் முன்னுரை வாங்கியிருக்கிறார். ஆனால் இவற்றில் எதையும் என் பத்து வயசுக் கையில் யாரும் கொடுத்திருக்க முடியாது. கொடுத்திருந்தால் அம்மா அடுப்பில் போட்டிருப்பார்.

வெளிநாட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது. 2005-இல் ஆஸ்திரேலியாவில் ரண்டா அப்தல்-ஃபத்தா, முக்காடு போடுவதென்று தானே முடிவெடுக்கிற மெல்போர்ன் பள்ளி மாணவியைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் முஸ்லிம் பிள்ளைகளின் கதைகளுக்கென்றே 2016-இல் 'சலாம் ரீட்ஸ்' என்று ஒரு பதிப்புப் பிரிவு வந்தது. அடுத்த வருஷமே ஹெனா கானின் ஆமினா வந்தாள். நல்ல புத்தகங்கள். ஆனால் அங்கே அந்தப் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் தங்களை விளக்கவேண்டியிருக்கிறது. நாங்கள் யார், எதற்காக இப்படி உடுத்துகிறோம், எதைச் சாப்பிடமாட்டோம். அந்த விளக்க வேலையை நாம் எதற்கு இரவல் வாங்கவேண்டும்? நான் இந்த ஊரில் புதுசாக வந்து இறங்கியவள் இல்லையே.

இதைச் சொன்னால் உடனே சொற்களைப் பற்றிக் கேட்பீர்கள். புத்தகக்காரர்கள் திருப்பி அனுப்பிய முதல் அத்தியாயத்தில் பதினெட்டுச் சொல்லுக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது, அடிக்குறிப்பு வேண்டுமாம். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நோன்பு, தொழுகை, பள்ளிவாசல், பெருநாள், ஓதுதல், ஆணம், பசியாறுதல். இதில் எதற்கு அடிக்குறிப்பு? வடக்கே நமாஸ் என்கிறார்கள், ரோஜா என்கிறார்கள். நாங்கள் தமிழை விடவில்லை. ஆழ்வாரும் நாயன்மாரும் தொழுத அதே தொழுகை. ஆண்டாள் இருந்த அதே நோன்பு. பள்ளி என்பது சமணர்கள் புழங்கிவிட்டு வைத்த சொல். பெரிய கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார், பக்கத்துத் தெருவில் நாங்கள் போனது ஓதும்பள்ளி. ஒரே வினைச்சொல் இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்குகிறது. காலையில் எங்கள் நன்னிமா யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியா?" என்பார். 'டிபன் சாப்பிட்டியா'வுக்கு அதைவிட நல்ல தமிழ் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மிச்சம் இருப்பவை ஒளு, சஹர், களா மாதிரிச் சில சொற்கள். அவற்றையும் விளக்க மாட்டேன். ஒரு பிள்ளை முழங்கை வரை கழுவி, வாய் கொப்பளித்து, ஈரக் கையால் தலையைத் தடவி, குளிரில் நடுங்கிக்கொண்டே கால் கழுவினால், அதுதான் ஒளு என்று படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அக்கிரகாரத்துக் கதையில் பஞ்சபாத்திரம் வந்தபோது எனக்கு யாரும் அடிக்குறிப்பு போடவில்லை. நானே படித்துக் கண்டுபிடித்தேன், அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது. பஷீரின் 'எங்கள் உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' படிக்கிறவர்கள் குஞ்ஞுபாத்தும்மாவின் வீட்டுப் பேச்சில் முதல் நாலு பக்கம் தடுக்குவார்கள். ஐந்தாவது பக்கத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், நாவலில் எனக்கே பிடித்த அத்தியாயம் அது. எங்கள் பக்கத்து முஸ்லிம்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு, உருது பேசுகிறவர்களும் உண்டு. என் கதாநாயகி தமிழ் வீடு. ஓதிக் கொடுக்கிற ஹஜ்ரத்துக்கு வீட்டில் உருது. அவளுக்கு 'ஐன்' வராது. தொண்டைக்குள்ளிருந்து எடுக்கவேண்டிய எழுத்து, அவள் வாயில் அகரமாகவே விழும். "ஹல்க்கிலிருந்து, ஹல்க்கிலிருந்து!" என்று பிரம்பால் பலகையைத் தட்டுவார். அதே ஹஜ்ரத்துக்கு 'ழ' வராது. "வாளப்பளம் ஒரு சீப்பு வாங்கிட்டு வா" என்று அனுப்புவார். ஒருநாள் அவள் துணிந்து, "ஹஜ்ரத், நாக்க மடிச்சு, மேல தொடாம" என்று சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. பிரம்பு மேலே போகிறது, இறங்கவில்லை. அடுத்த அரை மணி நேரம் அவர் 'ழ'வும் அவள் 'ஐனு'மாகப் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் மாறி மாறித் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் கடைசிவரை வருவதில்லை.

இந்த அத்தியாயத்தில் மார்க்கம் இருக்கிறதா, நல்லிணக்கம் இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கோரைப்பாய் இருக்கிறது. வந்தவாசிப் பாய். அதில் அரை மணி நேரம் மண்டியிட்டு எழுந்தால் முழங்காலில் பாயின் வரி அப்படியே பதிந்திருக்கும். பிள்ளைகள் பாவாடையைத் தூக்கி யாருடைய வரி ஆழம் என்று பந்தயம் கட்டுவோம். தொழுகிற பிள்ளையின் வாழ்க்கை என்று நான் சொல்வது இதைத்தான். எங்கோ மேலே நடக்கிற பெரிய விஷயம், தோலில் வந்து பதிகிற இடம்.

இப்போது என் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்புகிறேன். மார்க்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகங்களை எழுதுகிறவர்களே, நீங்களும் இந்த மடலின் முகவரியில் உண்டு. உங்கள் கதைகளில் பொய் சொல்கிற பையன் நாலாவது பக்கத்தில் கீழே விழுந்து கால் உடைகிறான், ஐந்தாவதில் திருந்துகிறான். எங்கள் வீட்டில் பொய் சொன்னவர்களுக்குக் கால் உடைந்ததில்லை. அதுதான் பயங்கரம். டம்ளரில் ஒரு வாய் விழுங்கியபிறகு என் கதாநாயகி இடி விழும் என்று காத்திருக்கிறாள். விழவில்லை. அடுத்த ஆள் வந்து தண்ணீர் கேட்கிறார். வெயில் அப்படியே அடிக்கிறது. அல்லா பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறானா? இந்த இரண்டில் எது பயம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெருப் பிள்ளைகள் வந்து "நாக்க நீட்டு" என்கிறார்கள். நோன்பாளி நாக்கு வெள்ளையாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் தெருவின் சோதனைச்சாலை. நீட்டுகிறாள். வெள்ளையாகத்தான் இருக்கிறது. பாஸ்.

அந்தப் பாஸ் அவளை வதைக்கிறது. ஈமான் என்று நீங்கள் பத்துப் பக்கம் எழுதுவது இந்த வதைதான் என்று நான் நம்புகிறேன். விழுங்கினதை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

பெரியவர் எடுக்கச் சொன்ன இன்னோர் இடமும் இருக்கிறது, அதைப் பற்றி அவர் நேராகச் சொல்லவில்லை. அந்தத் தாள்களை மட்டும் குப்புற வைத்துக் கொடுத்தார். அன்று மத்தியானம் தலை சுற்றிக் கொல்லைப்பக்கம் போகிற என் கதாநாயகி, பதின்மூன்று வயசு அக்கா துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சின்னக் கிண்ணத்தில் தயிர்சோறு தின்பதைப் பார்க்கிறாள். அக்கா! சஹரில் எல்லோரோடும் உட்கார்ந்து தின்று, நிய்யத்தும் சொன்ன அக்கா. அத்தா முன்னால் வாடின முகத்தோடு நடமாடிய அக்கா. வீடு முழுக்கப் பொய் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. அக்காவை மிரட்டுகிறாள். அக்கா அழுகிறாள், ஏன் என்று சொல்லமாட்டேன் என்கிறாள். கடைசியில் நன்னிமாதான் இவளை இழுத்து மடியில் போட்டு, பொம்பளைப் பிள்ளைகளுக்கு மாசத்தில் சில நாள் அல்லாவே லீவு கொடுத்திருக்கிறான், தொழவும் வேண்டாம், நோன்பும் வேண்டாம், நோன்பை மட்டும் பிறகு களாவாகப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று காதில் சொல்கிறார். "அப்ப ஏன் ஒளிஞ்சு திங்குது?" என்று இவள் கேட்கிறாள். நன்னிமாவிடம் அதற்குப் பதில் இல்லை. மார்க்கம் கொடுத்த லீவை வீடு ஏன் கொடுப்பதில்லை என்பதற்கு என்னிடமும் இல்லை.

அமெரிக்காவில் ஜூடி ப்ளூம் 1970-இலேயே பதினொரு வயசுப் பெண் கடவுளோடு பேசுவதையும் அந்த முதல் நாளுக்காகக் காத்திருப்பதையும் ஒரே புத்தகத்தில் வைத்தார். நம் வீடுகளில் அந்த இரண்டும் ஒரே கொல்லைப்பக்கத்தில் நடக்கின்றன. வயசுக்கு வருவதென்பது எங்கள் பிள்ளைக்கு உடம்பில் மட்டும் நடப்பதில்லை. அன்றிலிருந்து அவள் கணக்கு அவள் பேரில் எழுதப்படுகிறது. தொழாமல் விட்டால் அவள் பாவம், அதுவரை விளையாட்டு. ஒரே நாளில் ஒரு பிள்ளைக்குப் பாவாடையும் மறுமையும் சேர்ந்து வருகிறது. எந்த நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்கும்? இதைப் போய்க் குப்புற வைக்கலாமா?

2001 என்றதும் எல்லோரும் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது நியூயார்க்கில் கட்டடங்கள் விழுந்து இரண்டு மாதம் கழித்து வந்த நோன்பு. வகுப்பில் ஒரு பையன் "பின்லேடன் உங்க மாமாவா?" என்று கேட்டான். நான் "எங்க மாமா பேரு வேற, அவரு போளூர்ல சைக்கிள் கடை வெச்சிருக்காரு" என்று உண்மையான பதிலைச் சொன்னேன். அவனும் அதை ஏற்றுக்கொண்டான். நாவலில் அது அரைப் பக்கம். புத்தகக்காரர்கள் அதை மூன்று அத்தியாயமாக்கச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு அந்த வருஷம் அதுதான் பெரிசு, ஒத்துக்கொள்கிறேன். அத்தா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பத்து வயசுக்காரியின் மனசில் அரைப் பக்கம் எடுத்துக்கொண்டதற்கு நான் எப்படி மூன்று அத்தியாயம் கொடுப்பது? மீதி இடம் முழுக்க அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குப் போய்விட்டது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: எங்கள் பிள்ளையை எங்களில் ஒருவர்தான் எழுதவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஹாமிதை எழுதினவர் பிரேம்சந்த். அஸருக்குப் பிறகு ஏதாவது ஒரு பள்ளிவாசலின் பின்கட்டுக்கு வாருங்கள். கஞ்சி அண்டா பக்கத்தில் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கும். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனையில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாயோடு, அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். கிரிக்கெட்தான் பேசுவார்கள். நடுவில் ஒருவன் வாளிக்குள் விரலை விட்டு எடுத்து, வாய்வரை கொண்டுபோய், சட்டையில் துடைத்துக்கொள்வான். அவனை எழுதுங்கள்.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை மொட்டைமாடியில் உட்கார வைத்து, எழுதிய வரைக்கும் படித்துக் காட்டினேன். கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை. கதை அந்தக் கால் மணி நேரத்தில் நிற்கிறது: நகரா அடித்துவிட்டது, எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிறார்கள், இவள் கையில் பழத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கிறாள். ஊரே மலையைப் பார்த்துத்தான் நிற்கிறது. இவள் எதற்கு நிற்கிறாள் என்று அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். படித்து முடித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னாளா, அழுதாளா என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ஒன்பது வயசு இருக்கும் ஒரு பையன், கால் நகத்தைப் பிய்த்துக்கொண்டே, "அவ அந்த நோன்ப களா செஞ்சாளா?" என்றான்.

"சின்னப் புள்ளைக்கு ஏதுடா களா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"மறந்து குடிச்சா போவாது. இவ தெரிஞ்சே குடிச்சா."

"தெரிஞ்சு குடிச்சாலும், பத்து வயசுதான? எழுதவே மாட்டாங்க."

"அது மலக்குக்கு. அவளுக்கு?"

ஹஜ்ரத்தைக் கேட்போம் என்று நாலு பேர் படியிறங்கி ஓடினார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை யாரும் திரும்பி வரவில்லை. நான் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தி,
திருவண்ணாமலை.